வாடகைக்கு எடுத்த மாமன் மடி

போன மாதம் ஒரு அறைத் திறப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரிந்து வாழும் பெற்றோர் தங்கள் குழந்தையைச் சந்திப்பதற்கென்று நீதிமன்ற வளாகத்தில் புதிதாகக் கட்டிய அறை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, வானவில், இரண்டு கிளிகள். மூலையில் பிளாஸ்டிக் சறுக்குமரம். நீல நிற சோபா. கூரையில், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் சொல்லாத ஒரு கேமரா. ரிப்பனை வெட்டியது நானல்ல. வெட்டுபவருக்குப் பின்னால் நிற்கிற பதவியிலிருந்துதான் நான் ஓய்வு பெற்றேன்.

டீ குடிக்கும்போது, என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் ஆலோசகர்கள் இருவர் பக்கத்தில் வந்தார்கள். இந்த அறை இல்லாத காலத்தில் சந்திப்புகளை எங்கே நடத்தினீர்கள் என்று கேட்டார்கள். என் மேஜையில் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கும்படியாக நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்தது, ஓய்வு பெற்ற எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி: மறக்க முடியாத வழக்கு எது? பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்த கதை ஒன்றை எதிர்பார்க்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. என்னிடம் இருந்தது முடியும் மடியும் காதும் சம்பந்தப்பட்ட கதை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியதல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன் ஒரு தமிழ் நாளிதழுக்குச் சித்தூர் பக்கத்துச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். சமூகப்பணியில் ஒரு பட்டம் இருந்தது. பத்திரிகையில் சம்பளம் வராத மாதங்கள் இருந்தன. இரண்டும் சேர்ந்து என்னைக் குடும்ப ஆலோசகர் ஆக்கின. பயிற்சி என்று எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, குழந்தையின் நலனே முதன்மையானது என்று தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அதை மறுத்த ஒரு தாயையோ தந்தையையோ என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் அதையே சொல்லித்தான் சண்டை போட்டார்கள்.

உபயோகமான பயிற்சி பத்திரிகையில் கிடைத்ததுதான். என் செய்தி ஆசிரியர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவார்: "யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதும்மா. ஏன் சொன்னாங்கன்னு எழுதாத. அது உனக்குத் தெரியாது."

சித்தூரிலும் பிறகு திருப்பதியிலும் வேலை பார்த்தேன். வேலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை சந்திப்பு நாள். குழந்தையை வைத்திருப்பவர் அதை அழைத்துவந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணில் படாத, ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் போய் உட்கார வேண்டும். பிறகு மற்றவர் உள்ளே வருவார். குழந்தை என் மேஜையைச் சுற்றி அந்தப் பக்கம் போகும். குடிபாலாவைத் தாண்டினால் மாநில எல்லையில் சோதனைச் சாவடி வருமே, என் மேஜைக்கும் ஏறக்குறைய அதே வேலை. கொண்டுவந்த பையைத் திறந்து காட்ட வேண்டும். முறுக்கில் எதையோ கலந்திருக்கிறார் என்று ஒரு தாய் புகார் செய்ததிலிருந்து, தந்தையர் முதலில் தாங்கள் ஒன்றைக் கடித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. சிலர் மகனுக்கு மிச்சம் வைக்காமல் காட்டினார்கள்.

பலமனேரிலிருந்து ஒருவர் வருவார். கிடைத்த நேரம் முழுவதும் மகனிடம் வாய்ப்பாடு கேட்பார். பையன் பதினேழாம் வாய்ப்பாட்டில் திணறிக்கொண்டு, வெளியே அம்மாவின் செருப்புச் சத்தம் எப்போது கேட்கும் என்று வாசலைப் பார்ப்பான். கேட்டதும் ஓடிவிடுவான். பையனின் மனதைத் தாய் கெடுத்துவிட்டாள் என்று அவர் மனு போட்டார்.

பெற்றோர் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பார்கள். "பாப்பாவுக்குச் சளி இருக்குதுன்னு சொல்லுங்க மேடம்" என்பார் மனைவி. கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "குழந்தைக்குச் சளி இருக்கிறதாம்" என்று நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அந்தச் சளி அவர் காதில் விழும். நாள் முழுக்க இப்படி. பத்திரிகையை விட்டு வந்த பிறகுதான் நான் முழுநேரச் செய்தியாளர் ஆனேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

சித்தூரில் நான் நீண்ட காலம் பணிபுரிந்தது ஒரு நீதிபதியின் கீழ். கோதாவரிப் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச மாட்டார். தண்ணீர் கேட்கிற குரலிலேயே தீர்ப்பும் சொல்வார். ஆலோசகர் அறிக்கையை எழுதித் தந்தால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சொல்லுங்கள்" என்பார். நின்றுகொண்டு சொல்ல வேண்டும். முதல் வாரம் ஒரு சந்திப்பைப் பற்றி, "தந்தை மிகவும் பாசமாக நடந்துகொண்டார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பாசம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது?" என்று தெலுங்கில் கேட்டார்.

அடுத்த முறை, தந்தை சாத்துக்குடி உரித்துக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தார், குழந்தை தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து எனக்கு அடையாளம் பிடிபட்டது: கண்ணாடி கீழே இருந்தால் நம்பவில்லை, மூக்கில் இருந்தால் கேட்கிறார்.

குழந்தைகளைத் தன் அறைக்குள் அழைத்துப் பேசும்போது கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிடுவார். யாரிடம் இருக்க ஆசை என்று கேட்கவே மாட்டார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பார். வீட்டில் ஒத்திகை பார்த்து வந்த பிள்ளைகள் இதில் தடுமாறிப்போவார்கள். "அம்மாகிட்டதான் இருப்பேன்" என்று ஒரு சிறுவன் உரக்கச் சொன்னான். நீதிபதி பொறுமையாக, "சரி. அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன?" என்றார். நான் தமிழில் சொன்னேன். பையன் நெடுநேரம் யோசித்துவிட்டு, வேர்க்கடலைச் சட்னி என்றான்.

இனி அந்த வழக்கு. லோகநாதன் நகரியில் பவர்லூம் ஓட்டியவர். மனைவி சுகுணா குடிபாலாவுக்குப் பக்கத்துக் கிராமம். சுகுணாவின் பெற்றோர் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் முனிரத்தினம் தலையெடுத்து நிலம் குத்தகைக்கு எடுத்து, டிராக்டரும் வாங்கியிருந்தார். தம்பதிக்கு ஒரே பெண், தேஜு. பிரிந்த பிறகு சுகுணா மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். லோகநாதன் தறியை விட்டுவிட்டுத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தார்.

இவர்கள் பிரிந்ததற்குச் சொன்ன காரணங்களில் குழந்தையின் முடியும் ஒன்று. கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி வந்து பிழைத்ததால், முதல் முடி திருமலைக்கு என்று லோகநாதன் வேண்டிக்கொண்டிருந்தார். அதே ஜன்னிக்கு அதே முடியை ஊர் கங்கம்மாவுக்கு என்று முனிரத்தினமும் வேண்டியிருந்தார். எந்தச் சாமிக்கு என்று முடிவாகாததால் முடி வளர்ந்துகொண்டே இருந்தது. ஐந்து வயதில் கத்தரி படாத கூந்தலோடு, இரட்டைப் பின்னலில் நீதிமன்றத்துக்கு வந்த குழந்தை அவள். காதும் குத்தியிருக்கவில்லை. மொட்டை அடிக்கும் நாளில்தான் காது குத்துவது அவர்கள் வழக்கம்.

என் மேஜையில் நடந்த சந்திப்புகள் ஒழுங்காகப் போனதால், நீதிபதி லோகநாதனுக்கு ஒரு சலுகை கொடுத்தார். சனிக்கிழமை காலையில் மகளை வெளியே அழைத்துப் போகலாம். மாலை திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சித்தூர் நகர எல்லையைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது வெளிச் சந்திப்பன்று மாலையில் அவர் வரவில்லை. நான், சுகுணா, முனிரத்தினம், கேட்டைப் பூட்டக் காத்திருந்த போலீஸ்காரர் ஆகிய நால்வரும் வராந்தாவில் நின்றோம். சுகுணாவின் கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம் இருந்தது. பஸ்ஸில் போகும்போது மகளுக்கு வைத்துவிட வாங்கியது.

"பாப்பாவ இஸ்துக்கினு பெங்களூருக்கு ஓடிட்டிருப்பான் மேடம்" என்று முனிரத்தினம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இருட்டத் தொடங்கியபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. சந்தனம் பூசிய இரண்டு மொட்டைத் தலைகள் இறங்கின. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

தேஜு ஓடிவந்து, "அம்மா, நைனாவும் மொட்ட. மொதல்ல நைனா அட்ச்சிக்கினாரு, அப்புறம் நானு. நான் அழுவவே இல்ல" என்றாள். சுகுணா மகளின் தலையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூவைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல, என் கையில் கொடுத்தார்.

முனிரத்தினம் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. எல்லை தாண்டியதையும் கேட்கவில்லை. அவர் கேட்டது இதுதான்:

"யாரு மடியில ஒக்கார வெச்ச?"

முதல் முடி இறக்கும்போதும் காது குத்தும்போதும் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இந்தப் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. லோகநாதனும் அதை மறந்துவிடவில்லை. மறந்திருந்தால் தகராறு சிறியதாக இருந்திருக்கும். மாமன் மடி இல்லாமல் வேண்டுதல் செல்லாது என்று, திருமலையில் மொட்டை வரிசையில் முன்னால் நின்றவரைக் கேட்டு மாமன் ஆக்கியிருந்தார்.

"பலமனேர்காரு. தக்காளி யாவாரம்" என்றார் லோகநாதன், முனிரத்தினத்துக்குச் சமாதானமாக இருக்கும் என்று நினைத்து. "நல்ல மன்சன். மொற தப்பாம பாப்பா கையில துட்டு வெச்சாரு."

போலீஸ்காரர் நடுவில் வந்து நின்றார்.

அடுத்த வாரமே சுகுணாவின் வக்கீல் மனு போட்டார். இனி தந்தை குழந்தையைப் பார்க்கவே கூடாது, வெளியிலும் வேண்டாம், ஆலோசகர் மேஜையிலும் வேண்டாம். எல்லை தாண்டியதற்கு ஒரு பத்தி, தாமதத்துக்கு ஒரு பத்தி. மற்ற பக்கங்கள் எல்லாம் மடி. தக்காளி வியாபாரி அதில் "அடையாளம் தெரியாத ஆண் நபர்" ஆகியிருந்தார். மனு முடியும்வரை சந்திப்புகள் நிறுத்திவைக்கப்பட்டன.

விசாரணையில் எல்லை மீறலைப் பற்றி வக்கீல் பேசியபோது நீதிபதியின் கண்ணாடி மேஜையில் கிடந்தது. லோகநாதனைக் கேட்டார். "ஊரத் தாண்டக் கூடாதுன்னு எனக்குச் சொன்னது தெரியும் சார். சாமிக்கும் சேத்துச் சொன்னதுன்னு தெரியாது" என்றார் அவர். வக்கீல் மடிக்கு வந்தார். கண்ணாடி மேலே ஏறியது.

"மேனமாமா உயிரோடு இருக்கும்போதா?" என்றார் நீதிபதி. தெலுங்கில் தாய்மாமனுக்கு அதுதான் பெயர். அவருக்கு மூன்று தங்கைகள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிர்த்தரப்பு நல்ல நாள் பார்த்தாலும் ஆட்சேபிக்கிற லோகநாதனின் வக்கீல், அன்று மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவரும் யாருக்கோ மாமன். டைப்பிஸ்ட் கையை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். என் வேலைக்காலத்தில் ஒரு நீதிமன்றம் முழுவதும் ஒருமனதாக இருந்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

குழந்தையின் மொட்டைத் தலையை நீதிபதி நேரில் பார்க்க வேண்டும் என்று சுகுணாவின் வக்கீல் பிரியப்பட்டார். பக்கத்துத் தேதி கேட்டார். கிடைத்த தேதியில் தலை வெல்வெட் மாதிரி இருந்தது, நீதிபதி விடுப்பில் இருந்தார். அதற்கடுத்த தேதியில் பிரஷ் மாதிரி இருந்தது, வக்கீல்கள் பகிஷ்கரிப்பில் இருந்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆதாரம் வளர்ந்துகொண்டே போனது.

லோகநாதனுக்கு ஒவ்வொரு வாய்தாவும் மகளைப் பார்க்காத இன்னொரு மாதம். குழந்தையை முன்வாசல் வழியாக அழைத்துவந்தால் இவரைப் பின்வாசலில் நிறுத்துவார்கள். ஒருமுறை என் மேஜைக்கு வந்து நின்றார். தன் தலையைத் தடவிக்கொண்டு, "பாப்பாவுக்கும் இந்தளவு வளந்துட்டிருக்குமா மேடம்? ஒரே நாள்ல அட்ச்சதுதான" என்றார். ஒரு தரப்பின் தகவலை இன்னொரு தரப்புக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் தலையைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தேன்.

தேஜு நீதிபதியின் அறைக்குள் ஒருவழியாகப் போனபோது முடியில் கிளிப் நின்றது. காலையில் இட்லி என்றாள். நைனாவும் இட்லிதான் துன்னும் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னாள். நீதிபதி அவள் காதைப் பார்த்தார். ஏன் குத்தவில்லை என்று இரண்டு வக்கீல்களையும் கூப்பிட்டுக் கேட்டார். இருவரும் எதிர்த்தரப்பைக் கை காட்டினார்கள்.

தண்ணீர் கேட்கிற குரலில் அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஒரு ஆசாரி கடையில் காது குத்த வேண்டும். மடி, முனிரத்தினத்துடையது. தாயும் தந்தையும் இருக்க வேண்டும். ஆலோசகர் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். மனுவுக்குப் பதில் அதற்குப் பிறகு. இரு தரப்பும் சம்மதித்தன. அங்கே கை ஓங்கினால் லோகநாதன் மகளை இழப்பார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்கும் அது தெரியும்.

ஆசாரி கடை மூன்று பேர் உட்காரும் இடம். முனிரத்தினம் பட்டுக்கரை வேட்டியில் வந்து, தேஜுவை மடியில் வைத்துக்கொண்டு, இடத்தில் பாதியை அடைத்து உட்கார்ந்தார். மடியைப் பற்றி அத்தனை விவரமாகச் சொன்ன நீதிபதி, தோடு யாருடையது என்பதைச் சொல்ல மறந்திருந்தார். தந்தை ஒரு ஜோடி ஜிமிக்கியும், மாமன் ஒரு ஜோடி கல்தோடும் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டையும் ஆசாரி கையால் ஒதுக்கினார். "இப்ப கம்பிதான். புண்ணு ஆறட்டும், அப்பால எவுரு தோடு வேணா போட்டுக்குங்க" என்றார். நீதிமன்றத்தில் இதற்கு ஒரு வருடம் ஆகியிருக்கும்.

லோகநாதன் உள்ளே வரவில்லை. வாயைத் திறக்காதே என்று அவருடைய வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா மாப்ள, இந்தத் தபா வாடகைக்கு மடி கெடைக்கலியா?" என்றார் முனிரத்தினம்.

லோகநாதன் தெருவைப் பார்த்தார்.

"வாயத் தெச்சி அனுப்பிச்சிக்கிறாரு போல வக்கீலு. ஆசாரி, அந்த ஊசியால அதயும் பிரிச்சி வுடு."

ஆசாரி மட்டும் சிரித்தார். லோகநாதனின் தாடை அசைந்ததைப் பார்த்தேன். கட்டிய கை அவிழவில்லை.

முதல் காது சட்டென்று முடிந்தது. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தேஜு கத்தினாள். இரண்டாவது காதுக்கு ஊசி வரும்போது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். முனிரத்தினத்தின் ஒரு கை அவள் கைகளையும் இன்னொன்று கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தது. மடி இருந்தது, கை போதவில்லை. ஆசாரி ஊசியைப் பின்னால் எடுத்துக்கொண்டு, யாராவது தலையைப் பிடியுங்கள் என்றார். சுகுணா ஒருதரம் பிடிக்கப் பார்த்தார். தேஜு உதறியதும் கையை எடுத்துவிட்டார். குழந்தை நைனா, நைனா என்று அலறிக்கொண்டிருந்தாள்.

சுகுணா படிப் பக்கம் திரும்பினார்.

"அங்க நின்னுக்கினு இன்னா பாக்கற? வந்து தலையப் புடி. ஓட்ட கோணலாப் பூடும்."

லோகநாதன் என்னைப் பார்த்தார். பழக்க தோஷம். நான் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் திருப்பிச் சொல்லவில்லை. ஒரு நொடி கழித்து அவருக்கு விளங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முனிரத்தினத்தின் முழங்காலில் இடித்துக்கொண்டு மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி குத்தினார். ஓட்டை நேராக விழுந்தது.

திங்கட்கிழமை நீதிபதியின் முன் நின்று, யார் என்ன சொன்னார்கள் என்பதை வரிசையாகச் சொன்னேன். வாடகை மடியையும் ஊசியையும் சொன்னேன். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. சுகுணாவின் வாக்கியத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கள் மூலமாகவா சொன்னார்?"

"இல்லை சார். நேராக."

மறுபடி ஒருமுறை அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனு தள்ளுபடி ஆயிற்று. லோகநாதனுக்கு அவருடைய சனிக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன. மலை ஏறுவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் சேர்ந்தது.

சுகுணா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் கோபமாக இருந்ததை அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஓட்ட கோணலாப் பூடக் கூடாதுன்னு சொன்னேன் மேடம். அதப் போயி ஜட்ஜிகிட்ட ஒப்பிச்சிட்டு வந்துக்கிறீங்க."

நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன்.

"ஏன் சொன்னேன்னு சொல்லிக்கலாம் இல்ல?"

அது எனக்குத் தெரியாது என்றேன். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அவர்கள் சேரவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு இரண்டாவது வாக்கியம் நான் திருப்பதிக்கு மாற்றலாகிப் போகும்வரை வரவில்லை. சளியும் காய்ச்சலும் பரீட்சைத் தேதியும் பழையபடி என் வழியாகவே போய் வந்தன. புண் ஆறியதும் தோட்டுப் பிரச்சினையும் வந்தது, யாரும் தீர்த்துவைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் தேஜு கல்தோட்டோடு வருவாள். என் மேஜை முன்னால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முகம் பார்க்கிற கண்ணாடி இல்லாமலே இரண்டு திருகையும் கழற்றி, பென்சில் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, நைனா வாங்கிய ஜிமிக்கியை மாட்டிக்கொண்டு போவாள். மாலையில் வந்து ஜிமிக்கியைக் கழற்றிவிட்டுக் கல்தோட்டைப் போட்டுக்கொள்வாள். வாசலில் நின்ற இரண்டு தரப்பும் அவள் காதைப் பார்த்துத் திருப்தி அடைந்தன. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

இளம் ஆலோசகர்கள் புதிய அறையை எனக்கு முழுவதும் சுற்றிக் காட்டினார்கள். சறுக்குமரம், சோபா, கேமரா எல்லாவற்றையும் பார்த்தேன். எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது, ஒரு மேஜை மட்டும் போட்டுவிடுங்கள் என்றேன். எதற்கு என்றார்கள்.

தோடு மாற்ற இடம் வேண்டுமே என்றேன்.